வீக்கம் வற்றிய பிறகு

எங்கள் மருந்துக்கடையில் மஞ்சள் கிழங்குச் சத்துக் குளிகை நன்றாக விற்கும். முட்டி வலிக்கு, தோள்பட்டைக்கு, "உடம்புல உள்ள எல்லா வீக்கத்துக்கும்" என்று கேட்டு வருவார்கள். விற்பதில் எனக்கு மனத்தடை ஒன்றும் இல்லை. முட்டிக்கு அதனால் கொஞ்சம் இதம் காண்பவர்களும் உண்டு. ஆனால் தண்டுவடத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடக்கும் மகனுக்காக ஓர் அம்மா வந்து அதே குளிகையை டப்பா டப்பாவாகக் கேட்கும்போது, பேசாமல் பில் போட்டுக் கொடுக்க என்னால் முடிவதில்லை. உட்காரச் சொல்லிப் பேச வேண்டியிருக்கிறது. கடையில் கூட்டம் இருந்தால் அந்தப் பேச்சு பாதியில் நின்றுவிடும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த விஷயம் என் வீட்டுக்குள் நுழைந்தது சித்தப்பா மகன் வழியாக. மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட் முடித்து, பினாங்குப் பாலத்தைக் கடந்து அக்கரையில் உள்ள பிறை ஊருக்கு மோட்டாரில் திரும்பிக்கொண்டிருந்தவனை லோரி ஒன்று இடித்துவிட்டது. மார்புப் பகுதி முள்ளெலும்புகளில் நான்காவது நொறுங்கி, உள்ளே தண்டுவடத்தை நசுக்கியிருந்தது. நெஞ்சுக்குக் கீழே தொடுவதும் தெரியவில்லை, அசைவும் இல்லை. அன்றைக்கே அறுவை செய்து எலும்புத் துண்டுகளை அகற்றி, கம்பி வைத்து நிமிர்த்தினார்கள். நடப்பானா என்று சித்தப்பா கேட்டதற்கு மருத்துவர், "முதலில் வீக்கம் வற்றட்டும். அதற்கு முன்னால் நான் எதைச் சொன்னாலும் சரியாக இருக்காது" என்றார்.

குடும்பமே அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நின்றது. சித்தி தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டார். புக்கிட் மெர்தாஜாம் பெரியம்மா பச்சிலை எண்ணெய் கொண்டுவந்தார். கெடாவில் உருவிவிடும் ஒருவருடைய கைபேசி எண்ணை வந்தவர் போனவரெல்லாம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கால் நன்றாகத்தான் இருக்கிறது, வீக்கம்தான் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது, அது வற்றினால் கால் வந்துவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். தம்பியும் அதையேதான் கேட்டான். "அக்கா, நீங்கதானே மருந்து படிச்சவங்க. வீக்கம் கொறைய ஸ்ட்ராங்கா ஏதாச்சும் போடச் சொல்லுங்களேன்."

மருத்துவர் சொன்னதில் பிழை இல்லை. அடிபட்ட முதல் சில நாட்களில் தண்டுவடம் ஒருவித அதிர்ச்சியில் இருக்கும். காயத்துக்குக் கீழே அனிச்சைச் செயல்கள்கூட அடங்கிப்போகும். எது செத்தது, எது தூங்குகிறது என்று அப்போது பிரித்தறிவது கடினம். 72 மணி நேரத்தை ஒட்டிச் செய்யும் பரிசோதனைக்கு முதல் நாள் பரிசோதனையைவிட அதிக மதிப்புக் கொடுப்பது இதனால்தான். வீக்கம் ஆபத்து என்பதும் உண்மை. ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தடிமனும் உள்ள தண்டுவடம் எலும்புக் குழாய்க்குள் இருக்கிறது. வீங்கினால் விரிய இடமில்லை. ரத்தம் ஓடும் குழாய்கள் நசுங்கும். கழுத்துப் பகுதியில் அடிபட்டவர்களை வைத்து 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்து அழுத்தத்தைக் குறைத்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

ஆனால் வீக்கம் வற்றினால் எல்லாம் பழையபடி ஆகும் என்பது இதில் எங்கும் இல்லை. லோரி இடித்த நொடியில் அறுந்த இழைகள் அறுந்தவைதான். அதற்குப் பிறகு மணிக்கணக்கில், நாள்கணக்கில் இன்னொரு சேதம் நடக்கிறது. உடைந்த செல்களிலிருந்து குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கொட்டுகிறது, பக்கத்து நரம்பு செல்களுக்குள் கால்சியம் அளவுக்கு மீறிப் புகுகிறது, அவையும் சாகின்றன. நரம்பிழைகளுக்கு மயலின் உறை போட்டுத் தரும் செல்கள் வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கும். அழற்சி, அதாவது காயத்துக்கு நோயெதிர்ப்பு செல்கள் திரண்டு காட்டும் எதிர்வினை, நடப்பது இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான். வெளியே நாம் சொல்லும் வீக்கம் அதன் ஒரு முகம்.

முதலில் விழித்துக்கொள்வது தண்டுவடத்திலேயே குடியிருக்கும் மைக்ரோகிளியா என்ற நோயெதிர்ப்பு செல்கள். சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் வரும், ஏறக்குறைய ஒரு நாளில் உச்சத்தைத் தொடும். இரண்டு மூன்று நாளில் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள் வரத் தொடங்கி, ஒரு வாரத்தில் அந்த இடத்தை நிறைத்துவிடும். சிதைந்த செல்களையும் மயலின் துகள்களையும் விழுங்கி இடத்தைத் துப்புரவு செய்வது இவற்றின் வேலை. அதே நேரத்தில் இவை உமிழும் வேதிப்பொருள்கள் பக்கத்தில் பிழைத்துக் கிடக்கும் இழைகளையும் தாக்கும்.

கடைக்கு வரும் அம்மாக்களிடம் நான் தைப்பூசத்துக்கு முந்தைய நாளைச் சொல்வேன். ஜோர்ஜ் டவுனிலிருந்து தேர் புறப்படும் வழியெங்கும் ஆயிரக்கணக்கில் தேங்காய் உடைபடும். சாலை முழுக்க ஓடும் சில்லும். மண்வாரியோடு ஆட்கள் இறங்கி வாரித்தள்ளாவிட்டால் தேர் ஓர் அடி நகராது. வாருகிற வேகத்தில் ஓரத்துப் பூச்செடிகள் மிதிபடும்தான். அதற்காக வாருகிற ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட முடியுமா?

கையிலோ காலிலோ உள்ள நரம்பு அறுந்தால் இந்தத் துப்புரவு சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. பிறகு இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்கிறது. தண்டுவடத்திலோ மயலின் குப்பை மாதங்களாக, மனிதர்களில் வருடங்களாகக்கூட அங்கேயே கிடக்கும். அந்தக் குப்பையில் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன. வளரும் ஆற்றல் இழைகளுக்கு இல்லாமல் இல்லை. 1981-இல் மோன்ட்ரியாலில், எலியின் கால் நரம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தண்டுவடத்தோடு பாலமாகப் பொருத்தியபோது, தண்டுவடத்து இழைகள் அதற்குள் புகுந்து நீளமாக வளர்ந்தன. சூழல்தான் அவற்றைத் தடுக்கிறது. அந்தச் சூழலை ஆக்குவதிலும் கெடுப்பதிலும் அழற்சிக்குப் பங்கு இருக்கிறது.

என்னை மிகவும் குழப்பியவை அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளிவந்த இரண்டு எலி ஆய்வுகள். 1998-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில், மிக்கால் ஷ்வார்ட்ஸ் குழுவினர் தூண்டிவிடப்பட்ட மேக்ரோஃபேஜ்களை எலிகளின் அறுந்த தண்டுவடத்தில் ஊசியால் செலுத்தினார்கள். கால் அசைவு ஓரளவு திரும்பியது. 1999-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில், ஃபிலிப் போப்போவிச் குழுவினர் இதற்கு நேர்மாறாக, ரத்தத்திலிருந்து வரும் மேக்ரோஃபேஜ்களை மருந்து கொடுத்து அழித்தார்கள். அங்கேயும் எலிகள் முன்னைவிட நன்றாக நடந்தன. கூட்டினாலும் நல்லது, ஒழித்தாலும் நல்லது! முதல் தடவை படித்தபோது இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. இரண்டுமே பொய்யில்லை. எந்த மேக்ரோஃபேஜ், எந்த நாளில், எந்த நிலையில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே செல் சூழலுக்கேற்பத் தாக்கும் குணத்தையும் ஆற்றும் குணத்தையும் எடுக்கும். அடிபட்ட தண்டுவடத்தில் தாக்கும் குணம் ஓங்கி, நீண்ட நாள் நீடித்துவிடுகிறது.

இஸ்ரேல் முறையை மனிதர்களிடமும் சோதித்தார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்த செல்களை அவருடைய தோலோடு சேர்த்து வைத்துத் தூண்டி, அடிபட்ட 14 நாட்களுக்குள் தண்டுவடத்தில் செலுத்தும் முறை. 2012-இல் முடிவு வந்தது. சிகிச்சை பெற்ற 26 பேரில் 7 பேர், காயத்தின் தீவிரத்தை அளக்கும் அளவுகோலில் ஒரு படியாவது முன்னேறியிருந்தார்கள். சிகிச்சை பெறாத 17 பேரில் முன்னேறியவர்கள் 10 பேர். எலியில் நடந்ததை விளம்பரமாக்கி விற்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

தம்பி கேட்ட "ஸ்ட்ராங்" மருந்துக்கு ஒரு பெரிய வரலாறே உண்டு. நான் மருந்தாளர் என்பதால் இதில் கொஞ்சம் நின்று பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்து மீத்தைல்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு. 1990-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, அடிபட்ட எட்டு மணி நேரத்துக்குள் இதைக் கொடுத்தவர்களிடம் முன்னேற்றம் தெரிந்ததாகச் சொன்னது. உலகம் முழுக்க அது வழக்கமாகிவிட்டது. அளவு என்ன தெரியுமா? உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் முதலில், பிறகு அடுத்த 23 மணி நேரமும் மணிக்கு, கிலோவுக்கு 5.4 மில்லிகிராம். அறுபது கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் ஒரு நாளில் ஒன்பது கிராமுக்கு மேல். ஆஸ்துமாவுக்கு நாங்கள் கொடுக்கும் ஐந்து மில்லிகிராம் பிரெட்னிசொலோன் மாத்திரையில் சொன்னால் இரண்டாயிரத்து முன்னூறு மாத்திரைக்குச் சமம்.

அந்த ஆய்வில் சேர்ந்த எல்லாரையும் ஒன்றாக எடுத்துப் பார்த்தால் பலன் தெரியவில்லை. எட்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களைத் தனியாகப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. இப்படிப் பிரித்துப் பிரித்துத் தேடினால் எங்காவது ஒரு பலன் கண்ணில் படும் என்று விமர்சகர்கள் அப்போதே சொன்னார்கள். 1997-இல் வந்த அடுத்த ஆய்வில், 48 மணி நேரம் மருந்து பெற்றவர்களுக்குக் கடுமையான நிமோனியாவும் ரத்தத்தில் கிருமி பரவுவதும் அதிகமாக இருந்தன. 2004-இல் தலைக்காயம் பட்ட பத்தாயிரம் பேரிடம் இதே மருந்தைச் சோதித்தபோது, மருந்து பெற்றவர்களில்தான் இறந்தவர்கள் அதிகம். 2013-இல் அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர்களின் வழிகாட்டி இதைத் தண்டுவடக் காயத்துக்குப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. 2017-இல் வந்த வேறொரு வழிகாட்டி, எட்டு மணி நேரத்துக்குள் என்றால் 24 மணி நேர அளவைத் தரலாம் என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால், அழற்சியை மொத்தமாக நசுக்கும் திட்டம் முப்பது ஆண்டு ஓடித் தோற்றுவிட்டது என்றுதான் சொல்வேன். தம்பிக்கு அதைக் கொடுக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

வரிக்குதிரை மீன் என்று ஒன்று உண்டு, வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் அதே சின்ன மீன். அதன் தண்டுவடம் அறுந்தால் மறுபடி வளர்ந்து நீந்தத் தொடங்கிவிடும். 2018-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் அதன் குஞ்சுகளில் பார்த்தது இது: காயம்பட்டவுடன் அழற்சியைத் தூண்டும் ஒரு வேதிப்பொருள் ஏறுகிறது. அந்த முதல் ஏற்றம் வளர்ச்சிக்கு உதவுகிறது. பிறகு மேக்ரோஃபேஜ்கள் அதை இறக்குகின்றன. இறங்காமல் நீடித்தால் வளர்ச்சி நின்றுவிடுகிறது. 2020-இல் வந்த ஆய்வில், பிறந்து சில நாளேயான சுண்டெலிக் குட்டிகளிலும் தண்டுவடம் வடு இல்லாமல் ஆறுவதைக் கண்டார்கள். மைக்ரோகிளியாவை நீக்கியபோது அந்த ஆறுதல் கெட்டுப்போனது. வடுவைப் பற்றியும் இதே கதைதான். வடுத் திசுவில் சேரும் சர்க்கரைப் புரதங்களை ஒரு நொதியால் கரைத்தால் எலியின் இழைகள் வளர்கின்றன என்று 2002-இல் வந்தது. அதனால் வடுவே எதிரி என்று பலர் முடிவு கட்டியிருக்க, 2016-இல் வடுவை உண்டாக்கும் செல்களைத் தடுத்துப் பார்த்தார்கள். வளர்ச்சி கூடவில்லை, குறைந்துதான் போனது. குறித்த நாளில் வந்து குறித்த நாளில் போகிற அழற்சி வேண்டும். அதை மனிதருக்குள் ஏற்றி இறக்கும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை, என் கடையையும் சேர்த்துத்தான்.

இதையெல்லாம் படித்தபோது, நம் வீட்டில் யாரும் எதுவும் செய்வதற்கில்லை என்றுதான் முதலில் தோன்றியது. அந்த எண்ணத்தை மாற்றியது அதே 2012-இல் வெளிவந்த வேறோர் ஆய்வு. அமெரிக்கப் பதிவேட்டிலிருந்து ஏறத்தாழ 1,400 தண்டுவடக் காயக்காரர்களை எடுத்துப் பார்த்திருந்தார்கள். ஆரம்பக் கட்டத்தில் நிமோனியாவோ அறுவைப் புண்ணில் கிருமித்தொற்றோ வந்தவர்கள், ஓராண்டு கழித்து நரம்புத் தேர்ச்சியில் பின்தங்கியிருந்தார்கள். நுரையீரலில் வந்த கிருமி கால்விரல் அசைவைக் கெடுக்கிறது! உடம்பின் எந்த மூலையில் தீவிர அழற்சி வந்தாலும் அதன் செய்தி ரத்தத்தின் வழியே தண்டுவடத்துக்கும் போகும் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று.

தம்பிக்கு அடிபட்ட இடத்தில் இது இன்னும் சிக்கல். மண்ணீரலுக்குப் போகும் நரம்புக் கட்டளைகள் மார்புத் தண்டுவடம் வழியாகத்தான் இறங்குகின்றன. ஐந்தாவது, ஆறாவது மார்பு முள்ளெலும்புக்கு மேலே காயம் என்றால் அந்தக் கட்டுப்பாடு அறுந்து, உடம்பின் நோயெதிர்ப்பே தளர்ந்துபோகும். தண்டுவடத்துக்குள் அழற்சி அடங்க மறுக்கிறது, வெளியே கிருமியோடு சண்டை போட ஆளில்லை. இருமக்கூட வயிற்றுத் தசைக்கு வலு இல்லை.

ஆக, உள்ளே நடப்பது நம் கையில் இல்லை, வெளியே நடப்பதில் பாதிக்கு மேல் நம் கையில் இருக்கிறது. இதைச் சித்தியிடம் சொன்னபோது, "அதெல்லாம் மிஸ்ஸி பாத்துக்க மாட்டாங்களா?" என்றார். வார்டில் நர்ஸுகள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் யார்?

வீட்டில் சித்திதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது. குதிகால், இடுப்பெலும்பு, வால் எலும்புப் பக்கம் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது. நம் ஊர்ப் புழுக்கத்தில் காயத்துக்கு மேலே வேர்த்து ஊற்றும், கீழே வேர்க்கவே வேர்க்காது. மேலே ஊறியது வழிந்து இடுப்பில் தங்கினால் தோல் ஊறிப் புண்ணாகும். விலா எலும்புக்குக் கீழே கையை வைத்து, அவன் இருமும்போது அழுத்திக் கொடுத்துச் சளியை வெளியே கொண்டுவருவது. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். பிசியோ செய்துகாட்டியபோது சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது அவர் செய்வதுபோல் எனக்கு வராது.

எல்லாவற்றிலும் பெரியது சிறுநீர். நிரந்தரமாக டியூப் போட்டு வைப்பதைவிட, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை சுத்தமான டியூபைச் செலுத்தி வடித்துவிட்டு எடுத்துவிடுவது தொற்றைக் குறைக்கும். ஒரு தடவைக்கு ஐந்நூறு மில்லிக்கு மேல் சேரவிடக் கூடாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் இந்தத் துறையையே மாற்றியது புது மருந்து எதையும் கண்டுபிடித்து அல்ல. புரட்டிப் போடுவதையும் சிறுநீர்ப்பையைக் கவனிப்பதையும் கண்டிப்பாகச் செய்யவைத்துத்தான். அதற்கு முன் இவர்களில் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றிலும் படுக்கைப்புண்ணிலும்தான் இறந்தார்கள்.

ஒரு நாள் இரவு தம்பிக்குத் தலை வெடிப்பதுபோல் வலி. முகமெல்லாம் சிவந்து, ரத்த அழுத்தம் எங்கேயோ போய்விட்டது. ஆறாவது மார்பு முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு வரும் ஆபத்து இது. கீழே ஏதோ தொந்தரவு என்று உடம்பு அலறுகிறது, மேலிருந்து அடக்கும் கட்டளை கீழே போய்ச்சேர்வதில்லை. படுத்திருந்தவனை நிமிர்த்தி உட்காரவைத்து, உடையைத் தளர்த்தி, சிறுநீரை வடித்ததும் சில நிமிடத்தில் இறங்கிவிட்டது. இது தெரியாத வீட்டில் தலைவலி மாத்திரை கொடுத்துப் படுக்கவைப்பார்கள். படுக்கவைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: உட்காரவைக்க வேண்டும், சிறுநீர்ப்பையைப் பார்க்க வேண்டும், அடங்காவிட்டால் உடனே ஆம்புலன்சுக்கு அழைக்க வேண்டும்.

சில மாதத்தில் அவன் கால்கள் தாமாகத் துள்ளத் தொடங்கின. பெரியம்மா எண்ணெயின் மகிமை என்று கைபேசியில் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அது அதிர்ச்சி விலகி, மூளையின் பிடி இல்லாமல் அனிச்சைச் செயல் திரும்புவது. அதற்கு பேக்லோஃபென் மாத்திரை உண்டு. பெரியம்மாவிடம் இதை விளக்கும் வேலையைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டேன். நிஜமான மாற்றம் அவ்வளவு சத்தமாக வரவில்லை. மறுபரிசோதனையில் ஆசனவாய்ப் பகுதியில் தொடுவது தெரிந்தது. முழுக் காயம் என்று எழுதியிருந்ததை அரைகுறைக் காயம் என்று மாற்றி எழுதினார்கள். கால் அசையவில்லை. ஆனால் ஏதோ சில இழைகள் அந்தக் கலவரத்தைத் தாண்டிப் பிழைத்திருக்கின்றன. பெரும்பாலான முன்னேற்றம் முதல் ஆறு மாதத்தில் வரும், ஓராண்டு ஒன்றரை ஆண்டு வரை மெதுவாகத் தொடரலாம்.

மஞ்சளுக்கு வருகிறேன். எலிகளில் அது அழற்சியைக் குறைத்ததாக ஆய்வுகள் இருக்கின்றன. வாயால் விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது சொற்பம். சேரட்டும் என்று மிளகுச் சத்தைக் கலந்த குளிகைகள் வருகின்றன, அந்த மிளகுச் சத்து வேறு சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். அடிபட்ட முதல் மாதங்களில் காலில் ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுவார்கள். அதோடு மஞ்சள் குளிகையைச் சேர்த்தால் ரத்தக் கசிவு கூடலாம். குழம்பில் போடுங்கள், தாராளமாக. குளிகை வேண்டாம். உருவிவிடுபவரிடம் கம்பி வைத்த முதுகைக் காட்டவே காட்டாதீர்கள். ஸ்டெம் செல் என்று பல்லாயிரம் ரிங்கிட் கேட்பவர்களிடம், உங்களிடம் சிகிச்சை பெறாத ஆட்களோடு ஒப்பிட்ட கணக்கு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். வேலைக்குப் போய்வரும் வழியில் நடந்த விபத்தென்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இழப்பீடு உண்டு. அந்த விண்ணப்பப் பாரத்தை நிரப்ப ஒரு நாள் செலவழிப்பது எந்த எண்ணெயையும்விடப் பலன் தரும்.

தம்பி இப்போது தானே டியூப் போட்டுக்கொள்கிறான். சிறுநீர்ப்பை இறுகாமல் இருக்க ஆக்சிபியூட்டினின் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அது வாயை உலர்த்தும், கொஞ்சநஞ்சம் வேர்ப்பதையும் குறைக்கும். வாய் உலர்வதால் தே ஓ ஐஸ் (பாலில்லாத ஐஸ் டீ) குடிக்கிறான், குடிப்பதால் நான்கு மணி நேரத்துக்குள் ஐந்நூறைத் தாண்டிவிடுகிறது. குறிப்பேட்டைப் பார்த்து நான் திட்டினால், "நீங்க மருந்தை மாத்தச் சொல்லுங்க அக்கா, நான் தண்ணியை மாத்துறேன்" என்கிறான். அடுத்த மாதச் சந்திப்பில் வேறு மாத்திரை கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.